பின்தொடராதே என்றொரு பொத்தான்

2025 பிப்ரவரியில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 135ஆம் பதிப்பில், அமைப்புகள் பக்கத்திலிருந்து ஒரு சிறு கட்டம் நீக்கப்பட்டிருந்தது. என்னைப் பின்தொடர வேண்டாம் என்று இணையதளங்களுக்குத் தெரிவிப்பதற்கான கட்டம் அது. 2011இல் அதை முதன்முதலில் பொருத்திய உலாவியே அதை எடுத்தும்விட்டது. பல தளங்கள் அதை மதிப்பதில்லை, சில சமயம் அதனால் தனியுரிமைக்குக் கேடுகூட வரலாம் என்று ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா விளக்கம் தந்தது. பயனரைக் காக்க வந்த பொத்தான் பயனருக்கே கேடாக முடிந்தது எப்படி என்று விசாரிக்கப் போனால் முப்பது ஆண்டுக் கதை ஒன்று அவிழ்கிறது. அதில் திரும்பத் திரும்ப வரும் சண்டை ஒன்றுதான். அமைப்புகள் பக்கத்தையே திறக்காத பெரும்பான்மையோரின் மௌனத்துக்கு என்ன பொருள்? சம்மதமா, மறுப்பா? பயனருக்கு விருப்பத் தேர்வு தருவதை விளம்பரத் துறை அவ்வளவாக எதிர்த்ததில்லை. எதையும் தேர்ந்தெடுக்காதவர் யார் கணக்கில் சேர்வார் என்பதில் மட்டும் அது விட்டுக்கொடுத்ததே இல்லை.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுல்லிக்கு வந்தது ஒரு நடைமுறைச் சிக்கல். இணையதளத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தில் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குப் போவதற்குள் மறந்துவிடும். ஒவ்வோர் உலாவிக்கும் நிரந்தர அடையாள எண் ஒன்றைக் கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அந்த எண்ணை வைத்து எல்லாத் தளங்களும் ஒருவரைப் பின்தொடரலாம் என்பதாலேயே அவர் அந்த வழியை ஒதுக்கினார். ஒரு தளம், தான் எழுதிவைத்ததை மட்டுமே திரும்பப் படிக்கும்படி சிறு குறிப்பு ஒன்றை வடிவமைத்தார். அதுதான் குக்கீ.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. செய்தித்தளம் ஒன்றில் தெரியும் விளம்பரப் படம் பெரும்பாலும் அந்தத் தளத்தின் கணினியிலிருந்து வருவதில்லை, விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது. படத்தோடு அந்த நிறுவனமும் தன் குக்கீயை வைத்துவிட்டுப் போகலாம். அது ஆயிரம் தளங்களில் படம் போட்டால், ஆயிரம் இடத்திலும் அதே குக்கீ அதனிடம் திரும்பி வரும். நீங்கள் காலையில் படித்த செய்தியும் மதியம் தேடிய மருந்தும் இரவில் பார்த்த செருப்பும் ஒரே பேரேட்டில் பதிவாகும். 1996இல் தொடங்கப்பட்ட டபுள்கிளிக் நிறுவனம் இதைத் தொழிலாக வளர்த்தது.

இந்த ஓட்டை அப்போதே தெரிந்திருந்தது. டேவிட் கிறிஸ்டலும் மோன்டுல்லியும் சேர்ந்து எழுதி 1997 பிப்ரவரியில் வெளியான குக்கீ தரநிலை ஆவணம், பயனர் நேரடியாகப் போகாத தளங்களின் குக்கீகளை உலாவிகள் இயல்புநிலையில் ஏற்கக் கூடாது என்றது. விரும்புகிறவர் அனுமதித்துக்கொள்ளலாம், சும்மா இருப்பவருக்கு அடைத்தே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விளம்பர நிறுவனங்கள் கூச்சல் போட்டன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அந்த விதியைக் கடைப்பிடிக்கவில்லை. 2000இல் திருத்திய ஆவணத்திலும் விதி இருந்தது, அதையும் யாரும் சட்டை செய்யவில்லை. 2011இல் வந்த மூன்றாவது ஆவணம் முடிவை உலாவிகளிடமே விட்டுவிட்டது. என் கணிப்பில் இந்த விவகாரத்தின் தீர்மானகரமான ஆண்டு 1997தான். பின்னால் வந்த ஆணையங்களும் பொத்தான்களும் அன்று நிரப்பாத பள்ளத்தைச் சுற்றிப் போட்ட வேலிகள்.

டபுள்கிளிக் 1999இல் அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அபாகஸிடம் அஞ்சல் வழிப் பொருள் வாங்கும் அமெரிக்கக் குடும்பங்களின் பெயரும் முகவரியும் இருந்தன. குக்கீயையும் பெயரையும் முடிச்சுப்போடும் திட்டம் வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரணையில் இறங்கியது. 2000இல் டபுள்கிளிக் பின்வாங்கியது. அந்த நிறுவனத்தையே கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்கி, 2008இல் கைமாற்றம் முடிந்தது. 2016இல் கூகுள் தன் தனியுரிமைக் கொள்கையில் சில வரிகளை மாற்றி, டபுள்கிளிக் தரவைப் பயனரின் பெயர் தெரிந்த கணக்கோடு இணைக்க வழி செய்துகொண்டது. பழைய பயனர்களிடம் ஒப்புதல் கேட்டார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்களுக்கு அது இயல்பாகவே இயக்கத்தில் இருந்தது.

உலாவிக்குள் தனியுரிமைக் கருவி வைக்கும் முயற்சிகளில் முதல் பெரிய தோல்வி பி3பி. தளம் தன் கொள்கையைக் கணினிக்குப் புரியும் குறியீடுகளில் எழுதிவைக்கும், உலாவி அதைப் படித்துப் பார்த்துக் குக்கீயை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் என்பது ஏற்பாடு. வைய விரிவு வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி 2002இல் அதை அங்கீகரித்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதற்கு முன்பே சேர்த்துவிட்டது. எழுதியது உண்மையா என்று சரிபார்க்க ஆள் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட தளங்களைப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒன்றின் குறியீடுகளில் பிழை இருந்தது. பிழையான குறியீடே உலாவியை ஏமாற்றப் போதுமானதாக இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய ‘அழைக்காதே’ பட்டியல் பெரும் வெற்றி பெற்றது. தொலைபேசி எண்ணைப் பதிந்துவிட்டால் விற்பனை அழைப்பு வரக் கூடாது. மீறினால் அபராதம். நம்மூரில் 1909க்குச் செய்தி அனுப்பிப் பதிந்துகொள்வதும் இந்த வகைதான், பலன் எவ்வளவு என்பதை வாசகர்களே சொல்வார்கள். இணையத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நுகர்வோர் அமைப்புகள் 2007இல் கேட்டன. தொலைபேசிக்கு எண் உண்டு, உலாவிக்கு என்ன உண்டு? ‘என்னைப் பின்தொடராதே’ என்று பதிந்துகொள்ள ஓர் அடையாளத்தைக் கொடுத்தால் அதுவே பின்தொடரும் கருவியாகிவிடும். 2009இல் ஆய்வாளர்கள் கிறிஸ்டோஃபர் சோகோயனும் சிட் ஸ்டாமும் ஒரு வழி காட்டினார்கள். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் கூடவே, பின்னாளில் ‘டிஎன்டி: 1’ என்று ஆன ஒரு சின்ன வரியை அனுப்பினால் போதும். பட்டியலும் வேண்டாம், அடையாளமும் வேண்டாம்.

2010 ஜூலையில் ஃபெடரல் டிரேட் கமிஷன் தலைவர் ஜான் லைபோவிட்ஸ் செனட் குழுவின் முன் இந்த யோசனையைப் பற்றிப் பேசினார். டிசம்பரில் கமிஷனின் அறிக்கை அதை ஆதரித்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜோனதன் மேயரும், சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் அதன் தொழில்நுட்பத்தையும் நியாயத்தையும் எடுத்துச் சொன்னார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 2011 மார்ச்சில் சேர்த்தது. மற்ற உலாவிகளும் ஒவ்வொன்றாக வந்தன. பெரிய உலாவிகளில் கடைசியாக, 2012 நவம்பரில், கூகுளின் குரோம் சேர்த்தது. கடைசியாக வந்ததில் வியப்பில்லை.

வரியை அனுப்புவது சுலபம். வந்த வரியைப் பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? அதை முடிவு செய்ய 2011 செப்டம்பரில் டபிள்யூ3சி ஒரு குழுவை அமைத்தது. உலாவி நிறுவனங்கள், விளம்பர அமைப்புகள், ஆய்வாளர்கள், தனியுரிமைப் போராளிகள் எல்லோரும் ஒரே மேசையில். ‘பின்தொடர்தல்’ என்றால் என்ன என்பதிலேயே குழு மாட்டிக்கொண்டது. பயனர் வேண்டாம் என்றால் அவரைக் குறிவைத்து விளம்பரம் காட்ட மாட்டோம், ஆனால் சந்தை ஆய்வுக்கும் சேவை மேம்பாட்டுக்கும் தரவு சேர்ப்போம் என்றது துறை. சேர்ப்பதுதான் சிக்கலே என்றது எதிர்த்தரப்பு. யோசித்துப் பார்த்தால் துறை முன்வைத்த விளக்கத்தின்படி, பொத்தானை அழுத்தியவரைப் பற்றிய பேரேடு அப்படியே இருக்கும், அதைத் திறந்து அவர் கண்ணில் காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். பின்தொடர்வது அவருக்குத் தெரியாமல் போவதுதான் அவருக்குக் கிடைக்கும் ஆறுதல்.

2012 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை நுகர்வோர் தனியுரிமை உரிமைகளை வெளியிட்டபோது, டிஜிட்டல் அட்வர்டைசிங் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு இந்த வரியை ஆண்டு முடிவுக்குள் மதிப்பதாக வாக்குக் கொடுத்தது. மூன்று மாதம்தான். மே 31 அன்று மைக்ரோசாஃப்ட், வரவிருக்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10இல் பின்தொடராதே வரி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும் என்று அறிவித்தது. அதோடு வாக்கு காற்றில் போயிற்று.

விளம்பரதாரர்களின் சங்கம் அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மருக்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. அந்த உலாவியிலிருந்து வரும் வரியை மதிக்க மாட்டோம் என்று யாகூ சொன்னது. உறுப்பினர்கள் அதை மதிக்கத் தேவையில்லை என்று கூட்டமைப்பும் சொன்னது. இணையத்தின் அடிப்படை நெறிமுறையை எழுதியவர்களில் ஒருவரும், பின்தொடராதே தரநிலையின் பதிப்பாசிரியரும், அடோபி நிறுவன ஊழியருமான ராய் ஃபீல்டிங், அப்பாச்சி சர்வர் மென்பொருளில் ஒரு திருத்தம் போட்டார். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 அனுப்பும் வரியை சர்வரே அழித்துவிடும். பிறகு எதிர்ப்பு வந்து அது விலக்கப்பட்டது.

ஃபீல்டிங்கின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வரி பயனரின் விருப்பத்தைத்தான் சொல்ல வேண்டும், உலாவி நிறுவனத்தின் விருப்பத்தை அல்ல என்பது வரைவிலேயே எழுதப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை மீறியது உண்மை. அதன் நோக்கத்தில் கூகுளின் வருமானத்தைச் சீண்டும் ஆசை கலந்திருக்காது என்று நம்புவதற்கும் பெரிய மனது வேண்டும். ஆனாலும் வாதத்தை முழுவதும் நீட்டிப் பாருங்கள். பயனர் தானாகச் சொல்லாத மறுப்பு செல்லாது என்றால், பயனர் தானாகச் சொல்லாத சம்மதம் மட்டும் எப்படிச் செல்லும்? பேசாதவரின் பெயரில் உலாவி ‘வேண்டாம்’ என்றால் அது மோசடி. பேசாதவரின் பெயரில் நூறு நிறுவனங்கள் ‘சரி’ என்று எடுத்துக்கொண்டால் அது தொழில் மரபு. 2012இல் விளம்பரத் துறை எடுத்த நிலை இதற்கு மேல் ஒன்றுமில்லை.

அதன் பிறகு நடந்தது சரிவு. 2013 தொடக்கத்தில் மேயர் எழுதிய ஒரு திருத்தத்தை ஃபயர்ஃபாக்ஸ் சோதித்தது. போகாத தளங்களின் குக்கீயை ஏற்காமலிருக்கும் திருத்தம். விளம்பர அமைப்பு ஒன்றின் சட்ட ஆலோசகர் அதை அணு ஆயுதத் தாக்குதலுக்கு ஒப்பிட்டார். மொஸில்லா தயங்கி ஒத்திவைத்தது. ஜூலையில் மேயரும், செப்டம்பரில் விளம்பரக் கூட்டமைப்பும் டபிள்யூ3சி குழுவை விட்டு வெளியேறினர். யாகூ 2014இல் எல்லா உலாவிகளின் வரியையும் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015இல் இயல்புநிலையை மாற்றிக்கொண்டது. ட்விட்டர் 2017இல் கைகழுவியது. 2019 ஜனவரியில் குழு மூடப்பட்டது. கலிஃபோர்னியா மட்டும் 2013இல் ஒரு சட்டம் போட்டிருந்தது. இந்த வரி வந்தால் என்ன செய்வீர்கள் என்று தளங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், செய்ய வேண்டும் என்றில்லை. தளங்கள் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தன: இந்த வரிக்கு நாங்கள் பதிலளிப்பதில்லை என்று தம் கொள்கையில் எழுதிவைத்தன.

நம் ஊர் மதில்களில் ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதியிருக்கும் இடத்துக்கு மேலேயே போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். பின்தொடராதே வரி அதையும் தாண்டியது. அந்த வரியை அனுப்புகிறவர்கள் குறைவு என்பதால் அனுப்புகிறவர் கூட்டத்தில் தனித்துத் தெரிந்தார். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்ற சின்ன விவரங்களைக் கூட்டி ஓர் உலாவியை அடையாளம் காணும் உத்திக்குக் கைரேகை எடுப்பது என்று பெயர். இணைய உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்காவின் இஎஃப்எஃப் அமைப்பில் பீட்டர் எக்கர்ஸ்லி 2010இல் செய்த ஆய்வில் நூற்றுக்கு 83க்கு மேற்பட்ட உலாவிகளின் கைரேகை தனித்துவமாக இருந்தது. ‘என்னைப் பின்தொடராதே’ என்ற வரியும் அந்தக் கைரேகையில் ஒரு கோடாகச் சேர்ந்தது. 2019இல் ஆப்பிள் சஃபாரியிலிருந்து பொத்தானை நீக்கியதற்குச் சொன்ன காரணம் இதுவே. மொஸில்லா சொன்ன கேட்டுக்கும் இதுதான் பொருள்.

துறை தானாகத் தந்த மாற்று வழியும் இதே மாதிரிதான் இருந்தது. விளம்பரத்தின் மூலையில் நீல நிற முக்கோணம் ஒன்று தெரியும். அதை அழுத்தி, ஒவ்வொரு நிறுவனமாக விலகிக்கொள்ளலாம். நீங்கள் விலகிய செய்தியை அவர்கள் பதிந்துவைப்பது ஒரு குக்கீயில். தனியுரிமையில் அக்கறை உள்ளவர் என்ன செய்வார்? அவ்வப்போது குக்கீகளைத் துடைப்பார். துடைத்ததும் விலகலும் போய்விடும். இதை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமலிருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கேட்டுப் பார்த்துத் தோற்ற இடத்தில், கேட்காமல் அடைத்த உலாவிகள் வென்றன. சஃபாரி 2003இல் தொடங்கியதிலிருந்தே, பயனர் நேரடியாகப் போகாத தளங்களின் குக்கீகளில், அதாவது மூன்றாம் தரப்புக் குக்கீகளில், பெரும்பாலானவற்றை இயல்பாக மறுத்துவந்தது. அதையும் சுற்றிப்போக கூகுள் ஒரு வழி வைத்திருந்ததை மேயர் 2012இல் கண்டுபிடித்தார். அதே ஆண்டு கூகுள் 2 கோடியே 25 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2017இல் ஆப்பிள் தடையை இறுக்கியபோது ஆறு விளம்பர அமைப்புகள் கூட்டாக எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டன. ஆப்பிள் அசையவில்லை. 2020 மார்ச்சில் முழுத் தடை வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பரில் அறியப்பட்ட பின்தொடரும் குக்கீகளை எல்லோருக்கும் இயல்பாகவே அடைத்தது. ஆறு ஆண்டு முன்பு அணுகுண்டு என்று வர்ணிக்கப்பட்ட காரியம் அது. விளம்பர உலகம் அழியவில்லை.

தொலைபேசியில் இன்னும் தெளிவான சோதனை நடந்தது. ஐஃபோனில் 2021 ஏப்ரல் முதல் ஒவ்வொரு செயலியும் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. பதில் சொல்லாதவர் மறுத்தவராகவே கொள்ளப்படுவார். அதாவது இயல்புநிலை தலைகீழானது. ஃபேஸ்புக் முந்தைய டிசம்பரிலேயே செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, சிறு வணிகர்களின் பெயரால் எதிர்த்திருந்தது. 2022இல் இந்த மாற்றத்தால் தன் வருவாயில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று அந்த நிறுவனமே கணித்தது. மௌனத்தின் விலை என்ன என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல எண் கிடையாது. ஆப்பிளும் சொக்கத் தங்கம் அல்ல. இந்த விதியை நடைமுறைப்படுத்திய விதம் போட்டியைக் குலைத்தது என்று பிரான்ஸின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் 15 கோடி யூரோ அபராதம் போட்டது.

மீதியிருந்தது குரோம். உலகில் அதிகம் பயன்படும் உலாவியும் உலகின் பெரிய விளம்பர நிறுவனமும் ஒரே கூரையின் கீழ். மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு ஆண்டில் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. அது 2023 ஆனது, பிறகு 2024, பிறகு 2025. 2024 ஜூலையில் ஒழிப்பே கைவிடப்பட்டது, பயனரிடம் கேட்போம் என்றார்கள். 2025 ஏப்ரலில் தனியாகக் கேட்கவும் போவதில்லை என்றார்கள். மாற்றாக உருவாக்கிவந்த பிரைவசி சாண்ட்பாக்ஸ் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அக்டோபரில் மூடுவிழா. இதற்கிடையே 2025 பிப்ரவரி முதல் தன் விளம்பர வாடிக்கையாளர்கள் கைரேகை எடுப்பதற்கு இருந்த தடையையும் கூகுள் தளர்த்தியது. அது பொறுப்பற்ற செயல் என்று பிரிட்டனின் தகவல் ஆணையம் வெளிப்படையாகவே கண்டித்தது.

குரோம் விஷயத்தில் எதிர்த்தவர்களின் வாதத்தில் சத்து இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குக்கீயை ஒழித்தால் சிறிய விளம்பர நிறுவனங்கள் குருடாகிவிடும். கூகுளுக்கோ ஜிமெயில், யூடியூப், தேடல் என்று பயனர் தன் பெயரோடு நுழையும் வாசல்கள் ஏராளம். பிரிட்டனின் போட்டி ஆணையம் 2021இல் இதை விசாரித்து, அடுத்த ஆண்டு கூகுளிடம் உறுதிமொழிகள் வாங்கியது. தனியுரிமைக்காக எடுத்த படி ஏகபோகத்தை வளர்க்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சம் முடிந்தது பயனரைப் பழைய நிலையிலேயே விட்டுவைத்ததில்தான்.

பின்தொடராவிட்டால் இலவச இணையமே செத்துவிடும் என்பது துறையின் நிரந்தரப் பல்லவி. எவ்வளவு உண்மை? மூன்றாம் தரப்புக் குக்கீ இல்லையென்றால் பதிப்பாளர் வருமானம் சராசரி 52 விழுக்காடு குறைகிறது என்று கூகுள் 2019இல் தன் சோதனையை வெளியிட்டது. அதே ஆண்டு கார்னகி மெலனின் அலெஸாண்ட்ரோ அக்விஸ்தியும் உடன் ஆய்வாளர்களும் பெரிய அமெரிக்க ஊடக நிறுவனம் ஒன்றின் தரவைப் பார்த்து, குக்கீயால் பதிப்பாளருக்குக் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 4 விழுக்காடுதான் என்றார்கள். 52க்கும் 4க்கும் இடையில் இத்தனை தூரம் ஏன்? ஒன்று, கூகுளின் சோதனையில் மற்ற எல்லோரிடமும் குக்கீ இருந்தது, சிலரிடம் மட்டும் எடுக்கப்பட்டது. விளம்பரதாரர் பணம் குக்கீ உள்ளவர் பக்கம் நகர்ந்துவிடும். எல்லோரிடமும் எடுத்தால் நகர இடமிருக்காது. இன்னொன்று, பணம் போகும் வழி. பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கத்துக்காகக் கணக்காய்வு நிறுவனமான பிடபிள்யூசி 2020இல் கணக்குப் பார்த்தபோது விளம்பரதாரர் செலவிட்டதில் பாதிதான் பதிப்பாளர் கைக்குப் போயிருந்தது. 15 விழுக்காடு எங்கே போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பத்திரிகைகளைக் காப்பாற்றத்தான் இந்தக் கண்காணிப்பு என்பவர்கள் முதலில் அந்தப் பதினைந்தைத் தேடிக் கொடுக்கட்டும்.

ஐரோப்பா சட்டத்தின் வழியில் போனது. அங்கே குக்கீ வைக்கும் முன் சம்மதம் வேண்டும் என்பது 2009 முதல் விதி. டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. விளைவு, தளத்துக்குத் தளம் வழிமறிக்கும் சம்மதப் பலகை. ‘ஏற்கிறேன்’ பெரிய பொத்தான், மறுப்புக்கோ மூன்று படி இறங்க வேண்டும். இதற்காகப் பிரான்ஸின் தரவு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. பலகையைச் சலிப்பூட்டும்படி வடிவமைத்துவிட்டு, பார்த்தீர்களா, சட்டம் எப்படித் தொல்லை கொடுக்கிறது என்று மக்களைச் சலிக்க வைப்பது கைதேர்ந்த உத்தி. அது பலித்தும் வருகிறது.

மக்கள் நம்பும் இன்னொரு அமைப்பைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மறைநிலைச் சாளரம் உங்கள் கணினியில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவே. தளங்களும் விளம்பர நிறுவனங்களும் பார்ப்பதை அது முழுதாகத் தடுப்பதில்லை. குரோமின் மறைநிலை பற்றி 2020இல் தொடுத்த வழக்கு 2024இல் சமரசமாகி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது.

செத்த பொத்தானுக்கு மறுபிறவி கிடைத்தது கலிஃபோர்னியாவில். அங்கே 2020இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் தனியுரிமைச் சட்டம், என் தரவை விற்காதே என்று சொல்லும் உரிமையைத் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில் குளோபல் பிரைவசி கன்ட்ரோல் என்ற புதிய வரியை ஆய்வாளர்களும் சில உலாவிகளும் சேர்ந்து வெளியிட்டார்கள். தொழில்நுட்பத்தில் பழைய வரிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. பின்னால் தண்டனை நிற்கிறது, அதுதான் வேறுபாடு. அந்த வரியை மதிக்காதது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக 2022இல் செஃபோரா என்ற அழகுப்பொருள் நிறுவனம் 12 லட்சம் டாலர் கட்டியது. 2011இல் யாரையும் கட்டுப்படுத்தாத ஒற்றை வரி, சட்டத்துறைகளின் கவலைப் பட்டியலில் ஏறியது.

எதிர்ப்பு இப்போது இடம் மாறியது. இந்த வசதியை எல்லா உலாவிகளும் தர வேண்டும் என்ற கலிஃபோர்னிய மசோதாவை 2024இல் ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்தார். தொலைபேசி இயங்குதளங்களை விட்டுவிட்டு உலாவிகளோடு நிறுத்திக்கொண்ட புதிய மசோதாவில் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டார். 2027 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வரும். குரோமும் சஃபாரியும் எட்ஜும் அந்தப் பொத்தானை வைத்தாக வேண்டும். ஆனால் சட்டம் கேட்பது பொத்தானைத்தான். அது முன்கூட்டியே அழுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. 1997இல் தொடங்கிய சண்டையின் மையப்புள்ளியை அது தொடாமலே சுற்றிப் போகிறது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். அப்படிப் பார்த்தால் மௌனம் சம்மதமல்ல என்ற பக்கத்தில் அது நிற்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்கும் வசதி தர வேண்டும். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்குத் தடை உண்டு. உலாவி அனுப்பும் வரிக்கு மட்டும் அதில் இடமில்லை. ஒவ்வொரு தளமும் தனித்தனியாகக் கேட்கும், நாம் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ஐரோப்பியச் சம்மதப் பலகை இங்கே தமிழில் வந்து நிற்கும்போது, ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தான் ‘ஏற்கிறேன்’ பக்கத்திலேயே, அதே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டம் அமைக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் வலியுறுத்துமா என்பதில்தான் இந்தச் சட்டத்தின் மதிப்பு இருக்கிறது.